கதவு எண் 3389

வீட்டில் உள்ள கணினியை வெளியூரிலிருந்து இயக்க முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் தடை, அக்கணினியிலோ ரிமோட் டெஸ்க்டாப் வசதியிலோ இல்லை; கூடத்தின் மூலையில் விளக்குகள் மினுங்கக் கிடக்கும் ரவுட்டரில் இருக்கிறது. ஒரு கணினியின் திரைக்காட்சியைத் தொலைவிலுள்ள மற்றொன்றுக்கு அனுப்பி, அங்கே தட்டப்படும் விசைகளையும் மவுஸ் அசைவுகளையும் இங்கே செயல்படுத்தும் இவ்வசதியை, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1998இல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பில் அறிமுகப்படுத்தி, 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனல் வழியாகத் தனியர் கணினிகளுக்கும் கொண்டுவந்தது. ஒரே வீட்டுக்குள் மாடியிலிருந்து கீழ்த்தளக் கணினியை இயக்க, விண்டோஸின் புரோ பதிப்பும் (ஹோம் பதிப்பு இவ்வகையில் பிறரை உள்ளே ஏற்பதில்லை) கடவுச்சொல் கொண்ட பயனர் கணக்கும் இருந்தால் பெரும்பாலும் போதும். வாசலைத் தாண்டியதும் அதே கணினி எட்டாததாகிவிடுகிறது.

இதற்கான காரணம் முகவரிப் பஞ்சம். இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரிகள் 32 பிட் நீளமுடையவை என்பதால், அவற்றின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 429 கோடியைத் தாண்ட இயலாது. இவை தீர்ந்துபோகும் என்பது முன்னரே புலப்பட்டதால், பல கணினிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இயங்கும் முகவரி மாற்றம் என்னும் முறையை, கெல்ட் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் ஆகியோர் 1994இல் ஒரு குறுகிய காலத் தீர்வாக முன்மொழிந்தனர். தற்காலிகக் கொட்டகையாகப் போடப்பட்ட அது, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் உலகின் வீடுகளைத் தாங்கி நிற்கிறது.

அம்முறை இயங்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 192.168.1.20 என்ற உள்முகவரியுடைய கணினி ஓர் இணையதளத்தை நாடும்போது, தன் கோரிக்கையில் 51514 போன்றதொரு போர்ட் எண்ணையும் இடுகிறது; ஒரே முகவரியில் இயங்கும் பல மென்பொருள்களைப் பிரித்தறிய உதவும் எண்ணே போர்ட் எனப்படுகிறது. ரவுட்டர் அந்த உள்முகவரியை அழித்துத் தன் பொது முகவரியை எழுதி அனுப்புவதோடு, யாருடைய கோரிக்கை எங்கே சென்றது என்பதையும் தன் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, மறுமொழி வந்ததும் அக்குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. வெளியிலிருந்து தானாக வரும் அழைப்புக்கோ பதிவேட்டில் குறிப்பு ஏதும் இராது. அதை யாரிடம் தருவது என்று தெரியாமல் ரவுட்டர் கைவிட்டுவிடுகிறது. வீட்டுக்கு இதனால் கிடைக்கும் பாதுகாப்பு, பஞ்சத்தின் உபவிளைவாக வந்து சேர்ந்ததே.

போர்ட் ஃபார்வர்டிங் என்பது அப்பதிவேட்டில் கையால் எழுதப்படும் நிரந்தர வரி. 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், 3389ஆம் எண்ணுக்கு வரும் அழைப்புகளை 192.168.1.20க்கு அனுப்புக என்று பதிந்தால் வழி திறக்கும், ஏனெனில் ரிமோட் டெஸ்க்டாப் இயல்பாகக் காத்திருக்கும் எண் அது. உள்முகவரி நாளடைவில் மாறிவிடக்கூடும் என்பதால் அதைக் கணினியின் வன்பொருள் எண்ணோடு பிணைத்து வைக்க வேண்டும். பொது முகவரியும் மாறுவதால், மாற்றத்தைத் தொடர்ந்து குறித்துக்கொள்ளும் டைனமிக் டிஎன்எஸ் சேவையில் ஒரு பெயரைப் பெற வேண்டும். அமைத்து முடித்தபின், வீட்டு வைஃபையில் இருந்தபடியே பொது முகவரிக்கு இணைத்துப் பார்த்துத் தோல்வி என்று முடிவுகட்டுவோர் பலர். தன் பொது முகவரிக்கு உள்ளிருந்தே வரும் அழைப்பை எல்லா ரவுட்டர்களும் திருப்பி அனுப்புவதில்லை என்பதால், கைபேசியின் மொபைல் டேட்டா வழியாகச் சோதிப்பதே முறை.

இவ்வளவும் செய்து திறக்கப்பட்ட கதவு உரியவருக்கு மட்டும் திறப்பதன்று. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஒரே கணினியைக் கொண்டு, நான்காம் பதிப்பு முகவரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்துள்ளதா என்பதை 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்த்துவிடக் கூடியது. தோல்வியுற்ற நுழைவு முயற்சிகளைப் பதியுமாறு அமைந்த விண்டோஸ் கணினியின் ஈவன்ட் வியூவரில், 4625 என்ற எண்ணின் கீழ், அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட் என்று ஊகப் பெயர்களாக வரிசை நீள்வதைக் காணலாம். 3389ஐ வேறொரு எண்ணாக மாற்றினால் இரைச்சல் குறையும், பூட்டு வலுப்படாது. வலுவான கடவுச்சொல்லும் எப்போதும் போதுவதில்லை: 2019 மே 14 அன்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்ட புளூகீப் என்ற பிழை, கடவுச்சொல் கேட்கும் கட்டத்துக்கு முன்பே தாக்குவோரை உள்ளே விடக்கூடியதாக இருந்தமையால், ஆதரவு நிறுத்தப்பட்டு ஐந்தாண்டுகள் கடந்த எக்ஸ்பிக்கும் அந்நிறுவனம் திருத்தம் தர நேர்ந்தது.

ஆகவே 3389ஐ வெளியே காட்டாமல், முதலில் விபிஎன் எனப்படும் மறைகுறியிட்ட சுரங்கப்பாதை வழியாக வீட்டு வலையமைப்புக்குள் நுழைந்து, பின்னர் உள்முகவரியில் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்குவதே ஏற்கத்தக்கது. லினக்ஸ் கருநிரலில் 2020 முதல் இடம்பெற்றுள்ள வயர்கார்ட் என்ற விபிஎன், உரிய திறவுகோல் இல்லாத அழைப்புக்கு மறுப்புகூடத் தெரிவிக்காமல் மௌனம் காப்பதால், தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது.

எதையும் தொடங்குமுன் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காணப்படும் வெளிமுகவரி 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்கினால், இணைய சேவை நிறுவனமே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்தொகுதி அது. நிறுவனத்தின் பதிவேட்டில் வாடிக்கையாளர் வரி எழுத முடியாது என்பதால், அங்கே எந்தப் போர்ட் ஃபார்வர்டிங்கும் பலிக்காது. கட்டணம் செலுத்தி நிலையான முகவரி பெறலாம். அல்லது டெயில்ஸ்கேல் போன்ற சேவைகளை நாடலாம். அவை இரு முனைகளையும் ஒரே வேளையில் ஒன்றையொன்று நோக்கி அழைக்கச் செய்கின்றன. இரு பக்கத்துப் பதிவேடுகளிலும் வெளியே சென்ற கோரிக்கை என்ற குறிப்பு விழுந்துவிடுவதால், எதிரிலிருந்து வரும் அழைப்பை அதற்குரிய மறுமொழி என்றே கருதி ரவுட்டர்கள் உள்ளே விடுகின்றன. அவ்வாறு கூடாத இடங்களில் இடைநிலைக் கணினி ஒன்று இரு பக்கத்துத் தரவையும் கைமாற்றித் தருகிறது.