வன்னிக் கரையூடே கதிர்காமத்துக்கு

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்பட்டு, கீழைக் கரையை அணைத்து நடந்து கதிர்காமத்தை அடையும் பாதயாத்திரை, இலங்கைத்தீவின் மிக நீண்ட நடைப்பயணங்களுள் ஒன்று. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, மொனராகலை என ஏழு மாவட்டங்கள் இவ்வழியில் வருகின்றன. தூரம் 500 கிலோமீற்றருக்கு மேல். காலம் ஆறு ஏழு வாரம். பக்தி ஒருபுறமிருக்க, இத்துணை நெடிய வழியை முதியோரும் பெண்களும் வெறுங்காலுடன் நடந்து முடிப்பதற்குத் திட்டமொன்று இன்றியமையாதது. அத்திட்டம் பெரும்பாலும் ஏட்டில் இருப்பதில்லை. கூட்டத்தை வழிநடத்தும் மூத்த சாமிமாரின் நினைவிலேயே இருந்து வருகிறது. அதன் நுட்பங்களை வன்னிப் பகுதியில் வைத்து நோக்குவது பொருந்தும். யாத்திரையின் முதல் வாரங்கள் கழிவது அங்கேதான். காலும் தோளும் வயிறும் பழக்கத்துக்கு வருவதும் அங்கேதான்.

முதலில் நாட்கணக்கு. புறப்படும் நாளை நிச்சயித்துவிட்டுச் சேரும் நாளைக் காணுவது ஏனைய பிரயாணங்களின் வழக்கம். இங்கே கணக்குத் தலைகீழாக நடக்கும். கதிர்காமத்துக் கொடியேற்றம் அமாவாசையை ஒட்டியது. மாணிக்க கங்கையில் தீர்த்தம் பௌர்ணமியை ஒட்டியது. பெரும்பாலும் யூலை மாதத்தில் வரும் அந்தக் கொடியேற்றத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். காட்டுக்குள் ஒரு வாரம், மட்டக்களப்பு, அம்பாறைக் கரைக்கு இத்தனை நாள், திருகோணமலைக்கு இத்தனை நாள் என எண்ணி வந்தால் புறப்படும் நாள் பெரும்பாலும் மே மாதத்தில் வந்து நிற்கும். இடையில் இன்னொரு முளையும் அறையப்பட்டிருக்கிறது. அது வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசி விசாகப் பொங்கல். அந்தத் திங்கட்கிழமை முல்லைத்தீவில் இருக்க விரும்புவோர், யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் தாமதித்தாலும் அதனை நந்திக்கடலுக்கு இப்பால் நடந்தே ஈடு செய்ய வேண்டும்.

அடுத்தது நாளொன்றுக்கு எவ்வளவு நடப்பது என்பது. 500 கிலோமீற்றரை 45 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்குப் பதினொரு கிலோமீற்றர் வரும். நல்ல காலுடையவர் மூன்று மணிநேரத்தில் நடந்துவிடக்கூடிய தூரம். இதைக் கேட்ட இளைஞர் பலர் நகைப்பதுண்டு; பதினைந்து நாளிற் போய்விடலாமே என்பர். ஆனால் ஒரு கூட்டத்தின் வேகம் அதில் மிகவும் மெதுவாக நடப்பவரின் வேகமே. வழியில் ஒவ்வொரு கோயிலிலும் பூசை உண்டு. ஊரார் அன்னமிட அழைத்தால் மறுத்துச் செல்வது முறையன்று. காலிற் கொப்புளம் கண்டவருக்கும் காய்ச்சலில் விழுந்தவருக்கும் ஓய்வு நாள் வேண்டும். இவற்றையெல்லாம் கழித்தபின் எஞ்சும் நாட்களிற் பதினைந்து, சில வேளை இருபது கிலோமீற்றரும் நடக்க நேரும். ஆகவே பதினொன்று என்ற எண்ணை நம்பிப் புறப்படுபவர், ஓய்வு நாளைக் கணக்கில் வைக்காதவரே.

யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவுக்கு வர இரு மார்க்கங்கள் உண்டு. வடமராட்சி கிழக்கின் மணற்கரையைப் பிடித்துச் சுண்டிக்குளம், சாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எனக் கடலோரமாக இறங்கி, வட்டுவாகல் பாலத்தைக் கடப்பது ஒன்று. ஆனையிறவு தாண்டிப் பரந்தனிற் கிழக்கே திரும்பி, விசுவமடு, புதுக்குடியிருப்பு ஊடாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வரும் தார்வீதியிற் செல்வது மற்றது. மணற்கரை காலுக்கு மெத்தென்றிருக்கும். ஆனால் நிழலும் நன்னீரும் அரிது. தார்வீதியிற் கிணறும் கடையும் வைத்தியசாலையும் உண்டு; ஆனால் வைகாசி வெயிலில் முற்பகல் பத்து மணிக்கே வெறும் பாதத்தைத் தார் சுட்டுவிடும். எந்த மார்க்கமாயினும் விடியுமுன் எழுந்து ஒன்பது மணிக்குள் நடையை முடித்து, பிற்பகல் நான்குக்குப் பின் மீண்டும் நடப்பதே பழகியவர் முறை.

வற்றாப்பளையை அடைந்த கூட்டத்துக்கு அது முதற் பெருந்தங்கல். மதுரையை எரித்த கண்ணகி ஈழம் வந்து பல இடங்களிற் தங்கியபோது, பத்தாவதாக அமைந்த இடமாதலாற் பத்தாப்பளை எனப் பெயர் பெற்று, அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊர் வழக்கு. முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில், கடலில் எடுத்த உப்புநீரை வார்த்து விளக்கெரிக்கும் மரபும் இப்பொங்கலைச் சேர்ந்ததே. யாத்திரைக் கணக்கில் இத்தங்கலுக்கு வேறொரு பயனும் உண்டு. இங்கே ஓரிரு நாள் தங்கும்போதே யார் தொடர்ந்து நடக்கவல்லார், யார் திரும்ப வேண்டியவர் என்பது தெளிவாகும். யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து எளிதிற் கிடைக்கும் இடத்தில் அம்முடிவைச் செய்வது, காட்டின் நடுவே செய்வதிலும் நன்று.

இங்கிருந்து தெற்கே அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் என ஊர்கள் தொடர்கின்றன. இத்தொடர் ஒரு காலத்தில் அறுந்து கிடந்தது. 1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். அதற்கு முன்னரே, 1983க்குப் பின், வடக்கிலிருந்து செல்லும் யாத்திரை தடைப்பட்டிருந்தது. கிழக்கில் அது 1988இல் மீண்டும் உயிர்பெற்றது. வன்னி வழி திறப்பதற்கு 2009இற் போர் முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதனிடையே 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் துடைத்துச் சென்றது. மீண்டும் நடக்கத் தொடங்கியவர்கள் கண்ட இடர், பாதை பழுதடைந்தது மட்டுமன்று. முன்னர் எந்த வீட்டுத் திண்ணையிற் படுப்பது, எந்தக் கிணற்றின் நீர் கோடையிலும் இனிக்கும், எந்தக் குடும்பம் உலை வைக்கும் என்று அறிந்திருந்தவர்களிற் பலர் இறந்துவிட்டனர், அவ்வீடுகளும் இல்லை. கால் நூற்றாண்டு இடைவெளியின் பின் தங்குமிடங்களை ஒவ்வொன்றாக மறுபடியும் தேட வேண்டியிருந்தது. கண்ணிவெடி அபாயப் பலகை நாட்டிய நிலமும் குறுக்கே வந்தது. குறுக்குவழி, காட்டுவழி என்று ஒதுங்கும் பழைய பழக்கத்தை வன்னியிற் கைவிட்டு, மிதிபட்ட வழியிலேயே செல்லுதல் அன்று விதியாயிற்று.

கொக்கிளாயிற் கடல்நீரேரி குறுக்கிடுகிறது. முகத்துவாரத்தை ஓடத்திற் கடந்தால் புல்மோட்டைக் கரை கண்ணெதிரே. ஏரியைச் சுற்றி வீதியாற் செல்வதாயின் நெடுந்தூரம். ஓடக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்காத கூட்டம் அரைநாளைக் கரையில் இழக்கும்.

இனித் தண்ணீர். சோளகமும் கச்சானும் வீசும் இம்மாதங்களில் உலர்வலயம் முற்றாகக் காய்ந்துவிடும். நடப்பவர் ஒருவருக்கு நாளுக்கு நான்கைந்து லீற்றர் வேண்டும். ஒரு லீற்றரின் பாரம் ஒரு கிலோகிராம். ஆதலால் முழு நாளுக்குரிய நீரைச் சுமப்பதை விட, கிணற்றுக்குக் கிணறு நடையை அமைப்பதே அறிவு. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரில் இன்கா அரசர் அமைத்த பெருவழிகளிற் 'தம்போ' எனப்படும் தங்குமனைகள் ஏறத்தாழ ஒருநாள் நடைக்கு ஒன்றாக இருந்தன. இன்று பெரு நாட்டில் முதுகுப்பையுடன் வாரக்கணக்கில் நடப்போர் பலர் அவ்வழித்தடங்களையே பின்பற்றுகின்றனர். அங்கே அரசு கட்டிய மனை செய்த பணியை இங்கே கோயில் மடமும் ஊர்க்கிணறும் செய்து வந்தன.

சுமையைக் குறைப்பதிற் பழையவர் மிகவும் கண்டிப்பானவர். மாற்றுடை இரண்டு, ஒரு போர்வை, நீர்க்கலம், கைவிளக்கு, கொஞ்சம் வேர்க்கொம்பு, பனங்கட்டி, புழுக்கொடியல், பொரிமா. இவற்றுக்கு மேற்பட்டது வீண் என்பர். புழுக்கொடியல் கெடாது, சிறிது மென்றாலே பசி தணியும். பால்மாப் பேணிகளும் பிசுக்கோத்துப் பெட்டிகளுமாகப் புறப்படுவோர் அவற்றை முள்ளியவளையிலேயே பங்கிட்டுக் கொடுத்துவிடுவதைக் காணலாம்.

காட்டுப் பகுதியில் விலங்குகளின் நேரத்தையும் கணக்கிற் கொள்ள வேண்டும். வெயிலுக்கு அஞ்சி விடியுமுன் நடப்பது வீதியிற் பொருந்தும். யானை நடமாடும் இடத்தில் அதுவே பேராபத்து. அங்கே சூரியன் நன்கு எழுந்த பின்னரே புறப்படுதல் வேண்டும், சிதறாமலும் நடத்தல் வேண்டும். பாலையும் வீரையும் பழுக்கும் காலமும் இதுவே. வழியிற் கிடைக்கும் பாலைப்பழம் நடந்து களைத்தவருக்கு அமிர்தம். ஆனால் கரடிக்கும் அதுவே விருந்து. தனியே மரத்தடிக்குச் செல்லும் சிறுவரைத் தடுப்பதற்கு மூத்தவர் ஒருவரை நியமிப்பது வழக்கம்.

இவ்வொழுங்குகள் யாவும் இறுதியிற் சோதிக்கப்படும் இடம் உகந்தை. அங்கிருந்து குமண, யால வனங்களுக்கூடாகக் கதிர்காமம் வரை ஊரே இல்லை. இவை வனவிலங்குப் பூங்காக்களாதலால், குறித்த சில நாட்களுக்கே யாத்திரிகருக்கு வழி திறக்கப்படும். தண்ணீர்த் தாங்கிகள் இக்காலத்தில் இடையிடையே வைக்கப்பட்டாலும், கும்புக்கன் ஆற்றைக் கடந்தபின் மாணிக்க கங்கை வரையிலான நடை வறண்டதே. திறக்கும் நாளுக்கு முந்தி வந்தவர் உகந்தையிற் காத்திருக்கலாம். உணவும் நீரும் கோயிலிற் கிடைக்கும். மூடும் நாளுக்குப் பிந்தி வந்தவர் மொனராகலை வழியே பேருந்தேற வேண்டியதுதான். அதனாலேயே வன்னியிற் கழியும் ஒவ்வொரு மாலையும், அடுத்த நாள் நடையை நிச்சயிக்குமுன், வழிநடத்துபவர் பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்த்துக்கொள்கிறார்.