கைரேகை வைக்குமுன் கவனியுங்கள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் முண்டு மிளகாய் பயிரிடுவோர், சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுவோர், மண்டபம் கரையோரம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் ஆகியோரில் ரொக்கமாகக் கைக்குக் கை வாங்குவதையே விரும்புவோர் அநேகம். எந்திரத்தில் போகும் பணம் திரும்புமா என்பது அவர்கள் அச்சம். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அச்சத்துக்குக் காரணம் உண்டு, பரிகாரமும் உண்டு.

கணக்கு இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

2019 முதல் மத்திய அரசு ஆண்டுக்கு மூன்று தவணையாக வழங்கும் ரூ.6,000 கணக்கில்தான் ஏறும். மழை பொய்த்துக் கண்மாய் வறண்ட ஆண்டில் கிடைக்கும் பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் அப்படியே. கணக்கு இல்லாதவர் நமக்கு உரிய பணத்துக்கே பிறர் வாசலில் நிற்க நேரும்.

பணம் போட்டால்தான் கணக்குத் தொடங்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. 2014 ஆகஸ்டு 28இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் குறைந்தபட்ச இருப்பு ஏதும் வேண்டியதில்லை. ஆதார் அட்டையுடன் வங்கிக்குச் சென்றால் போதும். 2018இல் வந்த அஞ்சல் வங்கியில் கணக்குத் தொடங்கத் தபால்காரரையே கேட்கலாம்.

கைரேகை எந்திரம்

ஆயிரம் ரூபாய் எடுக்கப் பஸ் ஏறிப் போனால் அன்றைய கூலி போய்விடும். ஆகையால் ஊரிலேயே உள்ள வங்கி முகவரிடம் கைரேகை வைத்துப் பணம் எடுக்கிறோம். இதற்கு ஏடிஎம் அட்டையோ ரகசிய எண்ணோ வேண்டாம். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ஆகிய மூன்றும் போதும். வசதியும் இதுதான், ஆபத்தும் இதுதான். இருப்பைப் பார்க்கவும் அதே விரல், பணம் எடுக்கவும் அதே விரல். "ரேகை விழவில்லை, இன்னொரு முறை வையுங்கள்" என்று சொல்லி இருமுறை பணம் எடுக்க இடமுண்டு. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் உண்மையாகவே ரேகை விழாமலும் போகலாம். எது உண்மை என்று அறியக் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

கவனிக்க வேண்டியவை

1. விரல் வைக்குமுன், இருப்புப் பார்க்கவா, பணம் எடுக்கவா என்று கேளுங்கள். திரையில் உள்ள தொகையைப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

2. ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள். "ரேகை விழவில்லை" என்றாலும் அதற்கும் ரசீது கேளுங்கள்.

3. மாதம் ஒருமுறை பாஸ் புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து வாருங்கள்.

4. கணக்கில் கழிந்து, கையில் பணம் வராவிட்டால் உடனே உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2019இல் இட்ட உத்தரவுப்படி ஐந்து நாட்களுக்குள் பணம் திரும்ப வரவேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.100 சேர்த்துத் தரவேண்டும்.

5. தொலைபேசியில் எவர் கேட்டாலும் ரகசிய எண்ணைச் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணில் தெரிவியுங்கள்.

கமிஷன் கடையில் மிளகாய் மூட்டையை நிறுக்கும்போது தராசு முள் நிற்கும்வரை பார்க்கிறோம். சீட்டு கைக்கு வந்த பிறகே புறப்படுகிறோம். கைரேகை எந்திரத்தின் முன்பும் அதே கவனம் இருந்தால், கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.