வண்டியை வித்தாச்சு, பேரை மாத்தியாச்சா?

பழைய மொபெட்டை விற்றுக் காசு வாங்கினதோடு வேலை முடிஞ்சது என்று நினைக்கிறோம். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் யார் பேர் இருக்கோ, அவர்தான் சட்டப்படி உரிமையாளர். வாங்கினவர் யார் மேலாவது மோதி, இன்சூரன்சும் இல்லையென்றால் நஷ்டஈடு நம்ம தலையில்தான் விழும். 2018-ல் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லியிருக்கிறது.

செய்ய வேண்டியவை (நம் மாநிலத்துக்குள் விற்றால்):

1. விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும்.

2. வாங்கினவர் 30 நாளுக்குள் படிவம் 30 கொடுத்துப் பேர் மாற்றணும்.

3. இன்சூரன்சைத் தன் பேருக்கு மாற்ற, வாங்கினவர் 14 நாளுக்குள் விண்ணப்பிக்கணும்.

எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீங்க. புரோக்கர் "நான் பார்த்துக்கிறேன்" என்றாலும், பேர் மாறின ஆர்.சி. நகலைக் கேட்டு வாங்கி வைங்க. குழுக் கடனில் பழைய வண்டி வாங்கும் உறுப்பினருக்கும் இதைக் கூட்டத்தில் சொல்லுங்க.