உப்பில் எழும் படம்

கொல்கத்தாவின் சால்ட் லேக், 1960கள் வரை உவர்நீர்ச் சதுப்பு. ஹூக்ளி ஆற்று வண்டலைத் தண்ணீரோடு குழம்பாக்கி, குழாய் வழியே கொண்டுவந்து கொட்டித்தான் அங்கே நகரை எழுப்பினார்கள்.

உப்பு அந்த ஊரின் பெயரில் மட்டுமல்ல, கொல்கத்தாவின் ஒளிப்படக் கதையிலும் உண்டு. சால்ட் லேக் எழுவதற்கு நூறாண்டு முன்பே, 1856-இல், கொல்கத்தா நகருக்குள் வங்காள ஒளிப்படச் சங்கம் பிறந்துவிட்டது. அதிகாரிகளும் அறிஞர்களும் கூடிப் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள், செய்முறைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். பகிராமல் முடியாது. அன்று படம் வேண்டுமென்றால் படத்தாளையும் நாமே செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு முதல் சரக்கு சமையல் உப்பு! நல்ல காகிதத்தை நீர்த்த உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பிறகு, மங்கிய வெளிச்சத்தில் தூரிகையால் வெள்ளி நைட்ரேட் பூசுவார்கள். காகித இழைகளுக்குள்ளேயே வெள்ளி குளோரைடு உருவாகும். வெயில் பட்டால் கறுக்கிற பொருள் அது. மேலே நெகட்டிவை வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் அழுத்தி வெயிலில் நீட்டினால் போதும். படத்தை வெயிலே வரைந்துவிடும்.

இந்த ‘உப்புத்தாளில்’ என்னை மிகவும் கவர்வது அதன் நிதானம். முதலில் கறுத்த பரப்பு, தனக்கு அடியில் இருக்கும் வெள்ளி உப்புக்குக் குடை பிடிக்கிறது. அதனால் கறுத்த இடம் மேலும் கறுக்கத் தயங்கும். வெளிறிய இடத்தில் மட்டும் நிறம் ஏறிக்கொண்டே போகும். இதைத் ‘தன்மறைப்பு’ எனலாம்: படம் தன் கருமையைத் தானே கட்டுப்படுத்துவது. மண்டபத்து இருட்டில் நிற்கும் தூணின் செதுக்கலும் முற்றத்து வெயிலும் ஒரே தாளில் தங்குவது இப்படித்தான். படம் செம்பழுப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அதிலுள்ள வெள்ளித் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை.

இன்னொரு விந்தை: உப்பு குறைவாக இருந்தால் தாள் ஒளிக்கு எளிதில் கறுக்கிறது. அதே உப்பு மிகுந்தால் கறுக்க மறுக்கிறது! இங்கிலாந்தில் 1830களில் இதைக் கவனித்த ஒளிப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பட், எழுந்த படத்தைச் செறிந்த உப்புநீரில் நனைத்தே ஓரளவு நிலைக்க வைத்தார். 1839-இல் அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் ‘ஹைப்போ’ என்னும் வேதிப்பொருளைக் காட்டிய பிறகுதான் மிச்ச வெள்ளி உப்பை முழுதாகக் கரைத்து நீக்க முடிந்தது.

வங்காளச் சங்கத்தின் பொருளாளராக இருந்தவர் அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா. 1857-இல் அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் கண்டித்துப் பேசியதற்காக அவரை வெளியேற்றினார்கள். அந்தச் சங்கத்தின் வரலாற்றில் அழியாத கறை அது. ஆனால், கூடிக் கற்கும் வழக்கம் அதோடு போய்விடவில்லை. 1857-ஐத் தன் தொடக்கமாகச் சொல்லும் மெட்ராஸ் ஒளிப்படச் சங்கம் இன்றும் இயங்குகிறது. சால்ட் லேக்கை அடுத்த டம் டம்மில் 1957-இல் ஓர் ஒளிப்படச் சங்கம் எழுந்தது.

இத்தகைய சங்கங்கள் இன்று உப்புத்தாள் வகுப்பு நடத்த முழு இருட்டறைகூட வேண்டாம். தாளில் மருந்து பூச நிழலான ஓர் அறை, வெயிலுக்கு மொட்டைமாடி, கழுவத் தாராளமாகத் தண்ணீர் இருந்தால் நடத்திவிடலாம். கையுறையும் கண்காப்பும் கட்டாயம். வெள்ளி நைட்ரேட் பட்ட விரலும் வெளிச்சத்தில் கறுக்கும். அந்தக் கறை போகப் பல நாள் ஆகும்.