வேப்பம்பருப்புக் கரைசலும் பயிர்ப் பாதுகாப்பும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோர மணற்றரையில், குறிப்பாகக் கற்பிட்டிப் பகுதியில், கிணறுகள் ஆழமற்றவை. பயிருக்கு இடும் நஞ்சுகள் நீரோடு கீழிறங்கிக் குடிநீரை அடையக்கூடும். ஆதலின் வேலியோர வேம்பின் பயனைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

வேப்பம்பருப்பில் பூச்சிகளுக்குப் பகையான அசாடிராக்டின் என்னும் பொருள் உண்டு. இது தேர்ப்பீன் இனத்தைச் சேர்ந்தது. ஐந்து காபன் அணுக்கள் கொண்ட சிறு கூறுகளைக் கோத்தே தாவரங்கள் இவ்வினப் பொருள்களை ஆக்குகின்றன. எலுமிச்சைத் தோலின் மணப்பொருளில் இரு கூறுகள் உள. வேம்பு ஆறு கூறுகளை இணைத்து, பின்னர் நான்கு காபன் அணுக்களை நீக்கி, வேறு மாற்றங்களும் செய்து அசாடிராக்டினை அமைக்கின்றது. 1968 இல் இங்கிலாந்தில் இது தனியே பிரித்தெடுக்கப்பட்டது.

இப்பொருள் பூச்சியை உடனே கொல்வதில்லை. இலையை உண்ணாது தடுக்கும். புழு தோலுரித்து வளர்வதைக் குலைக்கும். எனவே புழுக்கள் இளமையாயிருக்கும்போதே தெளித்தல் வேண்டும். வெயிலில் வலுக் குன்றுமாதலால் மாலை நேரமே ஏற்றது.

செய்முறை: பழுத்துதிர்ந்த வேப்பம்பழங்களின் சதையை நீக்கி, விதைகளை நிழலில் உலர்த்துக. பூஞ்சணம் பிடித்தவை ஆகா. 500 கிராம் பருப்பை இடித்து, 10 லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவிட்டு வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து அன்றே தெளிக்குக. மிளகாய், கத்தரி, நெல் ஆகியவற்றுக்கு இது பயன்படும். எஞ்சிய கரைசலைக் களப்பிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது.

இறந்த பூச்சிகளை எண்ணிப் பயனை மதிப்பிடாது, புதுத் தளிர்கள் சேதமின்றி வளர்கின்றனவா எனக் கவனித்தல் வேண்டும்.