ஆயில் எஞ்சின் சூடேறுதலும் பரிகாரமும்

மின்சாரக் கம்பி எட்டாத தோட்டங்களில் இன்றும் ஆயில் எஞ்சினே இறவைப் பாசனத்திற்குத் துணையாய் நிற்கின்றது. சென்னை மாகாணத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் நிபுணர் இவ்வகை எஞ்சின்களைக் கிணற்றுப் பாசனத்திற்குக் கொணர முயன்றார். கவலை கட்டி இறைத்து வந்த குடியானவர் பலர் பின்னர்ப் படிப்படியாக எஞ்சினுக்கு மாறினர். மாடு களைத்தால் நுரை தள்ளி நின்றுவிடும். எஞ்சினோ தன் களைப்பைச் சூட்டினால் தெரிவிக்கும். அதனைக் கவனியாது மேலும் ஓட்டினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். பயிர் பூக்கும் தருணத்தில் இவ்வாறு நேரின், பழுது பார்க்கும் செலவினும் பயிரில் நேரும் நட்டமே பெரிதாகும்.

கோடையில் சூடு மிகுவதேன்?

எரியும் எண்ணெயின் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகின்றது. ஏறக்குறைய அவ்வளவே புகையோடு வெளியேறும். எஞ்சியதில் பெரும்பகுதியைச் சிலிண்டரைச் சுற்றி ஓடும் நீரே சுமந்து செல்ல வேண்டும். இந்நீர் பெரும்பாலும் பம்பின் வெளியேற்றுக் குழாயிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாக எடுக்கப்படுகின்றது. கோடையில் கிணற்று நீர் தாழுங்கால் பம்பு இறைக்கும் நீர் குறையும். அதனோடு எஞ்சினுக்குச் செல்லும் நீரும் குறையும். அதே காலத்தில்தான் எஞ்சின் நெடுநேரம் ஓட வேண்டியதாகின்றது. ஆகவே குளிர்விக்கும் நீர் மிகுதியாக வேண்டப்படும் நாளிலேயே அது குறைந்துபோகின்றது.

வெளிவரும் நீரே நாடி

எஞ்சின் சூடேறியவுடன் திருகாணிகளைக் கழற்றத் தொடங்குவது வீண் வேலை. எஞ்சினை விட்டு வெளிவரும் நீரின் அளவையும் சூட்டையும் முதலில் பார்க்க வேண்டும். கடற்கரை மீனவர், படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரிலிருந்து பீச்சும் சிறு நீர்த்தாரையைக் கண்டே அதன் நலத்தை அறிவர். தாரை நின்றால் மோட்டாரை நிறுத்திவிடுவர். தோட்டத்து எஞ்சினுக்கும் இம்முறை பொருந்தும். மெதுவாகச் சுழலும் எஞ்சின்களில் வெளிவரும் நீர் பொதுவாக 60 முதல் 70 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கலாம். எஞ்சினுடன் வந்த கையேட்டில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதனையே கொள்க. சூட்டை அறியக் கை வைக்காமல் வெப்பமானியைப் பயன்படுத்துதல் நலம்.

1. நீர் குறைவாகவும் மிகுந்த சூட்டோடும் வந்தால், குறை நீர் வரும் வழியில் உள்ளது. புட் வால்வின் சல்லடையில் சருகோ பாசியோ அடைத்திருக்கும். உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்றுப் புகும். சிறு குழாயின் திருகு பாதி மூடியிருக்கும்.

2. நீர் தாராளமாகவும் சூடு குறைந்தும் வர, எஞ்சின் மட்டும் கொதித்தால், சிலிண்டரைச் சுற்றி உப்புக்காரை படிந்திருக்கக் கூடும். கடின நீர் சூடேறுங்கால் சுண்ணாம்புச் சத்து உட்புறம் படிகின்றது. அப்படிவு இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு குறைவாகவே உஷ்ணத்தைக் கடத்தும். அதனைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு நீக்குதல் வேண்டும்.

3. நீர் தாராளமாக வந்தும் மிகுந்த சூட்டோடு இருந்தால், எஞ்சினிலேயே உஷ்ணம் அதிகம் உண்டாகின்றது. பாரம் மிகுதி, மசகெண்ணெய்க் குறைவு, நாசில் பழுது, சைலென்சரில் கரியடைப்பு ஆகியவற்றை முறையே ஆராய்க. கரும்புகை வருதல் பெரும்பாலும் இவற்றின் அடையாளம்.

தொட்டி நீரால் தானே சுழன்று குளிரும் எஞ்சின்களில், தொட்டியின் நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் சுழற்சி நின்றுவிடும். ஆதலால் ஓட்டுமுன் நாள்தோறும் மட்டத்தைப் பார்த்து நிரப்புக.

உடனே செய்ய வேண்டுவது

சூடு மிகுந்ததெனக் கண்டால் பாரத்தை நீக்கி, நீரோட்டம் இருக்குமாயின் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டுப் பின் நிறுத்துக. நீரோட்டம் நின்றிருந்தால் தாமதியாமல் நிறுத்துக. கொதிக்கும் எஞ்சின்மேல் குளிர்நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் வார்ப்பிரும்பு திடீரெனச் சுருங்கி வெடிக்கும். தானாக ஆறும்வரை பொறுத்திருப்பதே முறை.

உயிருக்கு ஆபத்தான வழக்கம்

மேலிருக்கும் பம்பு நீரை ஏறத்தாழ 6 அல்லது 7 மீட்டர் ஆழத்திலிருந்தே நன்கு உறிஞ்சும். நீர் அதற்குக் கீழே இறங்கியதும் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்குவோர் உண்டு. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது கிணற்றுக்குள் தங்கி, இறங்கியவரையும் அவரை மீட்க இறங்குவோரையும் ஒருங்கே மாய்க்க வல்லது. எஞ்சினைக் கரையிலேயே நிறுத்தி, பம்பை மட்டும் தாழ்வான மேடையில் அமைத்து நீண்ட பெல்ட்டால் இயக்குவதே தக்க வழி. கிராம அதிகாரிகள் இவ்வொரு செய்தியையேனும் கோடை தொடங்குமுன் தங்கள் ஊர்க் குடியானவர் அனைவருக்கும் எடுத்துரைப்பார்களாயின் பேருதவியாகும்.

சல்லடையைக் கழுவுதல், நீர்மட்டம் பார்த்தல், மசகெண்ணெய் அளத்தல் ஆகிய மூன்றும் காலையில் கால் மணி நேர வேலையே. இதனைத் தவறாது செய்யும் குடியானவர்க்கு நடுக்கோடையில் மடை வறளும் துன்பம் பெரும்பாலும் நேராது.