தொடாது ஒலிக்கும் இசைக்கருவி

யாழை மீட்டினால் இசை பிறக்கும். குழலை ஊதினால் இசை பிறக்கும். கை படாமலே இசைக்கும் கருவியும் ஒன்று உண்டு. அதற்குத் தெரமின் என்று பெயர். உருசிய இயற்பியலறிஞர் லெவ் தெரமின் 1920ஆம் ஆண்டளவில் அதனை அமைத்தார். அதன் நிமிர்ந்த உலோகக் கம்பியருகே கையைக் கொண்டுசென்றால் சுருதி உயரும், விலக்கினால் தாழும். இக்கருவியை வீட்டிலேயே செய்தவர் பலர். அமெரிக்கரான இராபர்ட் மோக் 1949ஆம் ஆண்டில், தம் இளம்பருவத்திலேயே ஒன்றைச் செய்தார். மின்னிசைக் கருவிகளின் ஆக்கத்தில் பிற்காலத்தில் அவர் பெரும்புகழ் பெற்றார்.

தெரமினுள் இரண்டு அலையியற்றிகள் உள்ளன. அவை நொடிக்கு இலட்சக்கணக்கான முறை அதிரும் மின்னலைகளைத் தோற்றுவிக்கின்றன. அவ்வலைகளை நம் செவி உணராது. ஒன்றின் அதிர்வெண் மாறாதது. மற்றொன்றின் அதிர்வெண் கை நெருங்குந்தோறும் குறையும். இரண்டையும் கலந்தால் அவற்றின் வேறுபாடு ஒலியாக வெளிப்படும். ஒன்று 1,70,000 முறையும் மற்றொன்று 1,69,560 முறையும் அதிர்ந்தால், 440 அதிர்வுடைய சுரம் கேட்கும்.

ஆனால், வேறுபாடு மிகச் சிறிதாகும்பொழுது ஓர் இடர் தோன்றுகிறது. இரு அலையியற்றிகளும் ஒன்றையொன்று ஈர்த்து, ஒரே அதிர்வெண்ணில் பூட்டிக்கொள்கின்றன. வேறுபாடு மறைகிறது, தாழ்ந்த சுரங்கள் ஒலிக்காமலே போகின்றன. இதையொத்த நிகழ்ச்சியை டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1665ஆம் ஆண்டிலேயே கண்டார். ஒரே தாங்கியில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள், சிறிது நேரத்தில் இசைந்து ஆடத் தொடங்கின. தாங்கியின் நுண்ணிய அசைவே அவற்றை இணைத்தது. தெரமினிலோ, பொதுவான மின்கம்பிகளும் கலக்கும் சுற்றும் அவ்வாறே இணைக்கின்றன.

இவ்விடரைக் களைவது பஃபர் என்னும் இடைச்சுற்று. ஒவ்வோர் அலையியற்றிக்கும் கலக்கும் சுற்றுக்கும் இடையே வால்வாலோ டிரான்சிஸ்டராலோ ஆன இச்சுற்றை அமைப்பர். இது அலையியற்றியிடமிருந்து மிகச் சிறிதளவே மின்னோட்டத்தைப் பெறும், அலையை முன்னே செலுத்தும், பின்னே திரும்பவிடாது. மேட்டு வாய்க்காலின் நீர் பள்ளத்து வயலில் விழுகிறது. வயலில் எழும் அலையோ வாய்க்காலில் ஏறுவதில்லை. பஃபரின் செயலும் அத்தகையதே. அதனுடன், அலையியற்றிகளைத் தள்ளி வைத்தலும், உலோகத் தகட்டால் மறைத்தலும், மின்வழங்கும் கம்பிகளில் மின்தேக்கிகளை இணைத்தலும் வேண்டும்.

இவற்றைச் செய்த கருவியில், கையை மெல்ல விலக்க விலக்கச் சுருதியும் மெல்லத் தாழும். இடையில் திடீரென அறாது. இரண்டு அலைகளும் தத்தம் இயல்பில் நின்றால்தான் அவற்றின் வேறுபாடு நிலைக்கும்; அவ்வேறுபாடே இக்கருவியின் இசை.